செட்சி ஈயும் சிறுநீரகமும்

2004-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். மாதக்கணக்கில் இழுக்கிறது. அவருடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். வாலை ஆட்டிக்கொண்டு நெளியும் டிரிபனோசோம் என்ற ஒட்டுண்ணி உள்ளே நீந்திக்கொண்டிருந்தது. மாடு, எருமை, குதிரை, ஒட்டகம் இவற்றுக்கு வரும் 'சர்ரா' நோயின் கிருமி அது. மனுஷனுக்கு வரவே கூடாது. மாட்டோடு மாடாகப் புழங்குகிற கோடிக்கணக்கான நம்ம ஊர் ஜனங்களுக்கு அது வருவதும் இல்லை.

எதிர்ப்புசக்தி குறைஞ்சிருக்குமோ என்று பார்த்தார்கள். எச்.ஐ.வி. இல்லை. சுராமின் என்ற பழைய மருந்தைக் கொடுத்தார்கள், குணமானார். ஆனால் கேள்வி மிச்சம் இருந்தது. எல்லோரையும் விட்டுவிட்டு அந்தக் கிருமி இவரை மட்டும் ஏன் பிடித்தது?

இந்தக் கேள்விக்கான பதில் பெல்ஜியத்தில் கிடைத்தது. அதே பதில், ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சிறுநீரகம் ஏன் அதிகமாகக் கெடுகிறது என்ற வேறொரு பழைய கேள்விக்கும் பாதி விடையாக அமைந்தது. நடுவில் ஒரு நூறு வருஷக் கதை இருக்கு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மனித ரத்தத்தில் சாகும் கிருமி

1890-களில் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் சூலூலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே கால்நடைகள் 'நாகனா' என்ற நோயில் செத்துக்கொண்டிருந்தன. புரூஸும் அவருடைய மனைவி மேரியும் ஒரு குடிசை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து மாட்டு ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, காரணம் ஒரு டிரிபனோசோம் என்றும் அதைப் பரப்புவது செட்சி ஈ என்றும் கண்டுபிடித்தார்கள். பிறகு அந்தக் கிருமிக்கு 'டிரிபனோசோமா புரூசி' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

1902-இல் பாரிஸில் அல்போன்ஸ் லவரான் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவர் இவர்தான். நாகனாக் கிருமி புகுந்த எலிக்கு மனித ரத்தத்தின் சீரத்தை ஊசியாகப் போட்டால் கிருமிகள் அழிந்துபோயின. மற்ற பல விலங்குகளின் சீரத்துக்கு அந்தச் சக்தி இல்லை. அதாவது, மனித ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு விஷம் இருக்கு. மாட்டுக்கு எமனாக வரும் கிருமி நம்மிடம் வந்தால் செத்துப்போகும்.

ஆனால் கிருமி சும்மா இருக்குமா? அதில் இரண்டு வகைகள் இந்த விஷத்தைத் தாண்டக் கற்றுக்கொண்டன. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் காம்பியன்சி வகை. கிழக்கில் ரொடீசியன்சி வகை. இவைதான் மனிதர்களுக்குத் தூக்க நோயைக் கொண்டுவருபவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா ஏரிக் கரையில் பரவிய தூக்க நோயில் உகாண்டா பக்கம் மட்டும் இரண்டரை லட்சம் பேர் வரை இறந்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஊர்கள் காலியாயின. காலனி அரசு மிச்சம் இருந்தவர்களையும் ஏரிக்கரையிலிருந்து கிளப்பி வேறு இடத்துக்குக் கொண்டுபோனது.

லவரான் பார்த்த அந்த 'விஷம்' என்ன என்று தெரிய நூறு வருஷம் ஆனது. 2003-இல் பிரஸ்ஸல்ஸில் எத்தியென் பேஸ் என்பவரின் குழு அதை அடையாளம் கண்டது. நாம் 'நல்ல கொழுப்பு' என்று சொல்கிறோமே, எச்.டி.எல்., அதில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும் ஒரு புரதம். பெயர் அபோல்-1. கிருமி கொழுப்பை இரையாக விழுங்கும்போது கூடவே இதையும் விழுங்கிவிடும். உள்ளே போன புரதம் கிருமியின் சவ்வில் ஓட்டை போடும். உப்பும் தண்ணீரும் உள்ளே பாய்ந்து கிருமி ஊதி வெடித்துவிடும். ரொடீசியன்சி வகை இதற்கு மாற்றாக ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அது அபோல்-1-ஐப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும்.

சந்திரபூர் விவசாயியின் ரத்தத்தை இதே பெல்ஜியக் குழுதான் சோதித்தது. 2006-இல் முடிவு வெளியானது. அவர் உடம்பில் அபோல்-1 அறவே இல்லை. அம்மா வழியில் வந்த மரபணுப் பிரதியும் பழுது, அப்பா வழியில் வந்ததும் பழுது. வெளியிலிருந்து அந்தப் புரதத்தை அவருடைய சீரத்தில் கலந்து பார்த்தால் கிருமி சாகிறது. கேள்வி தீர்ந்தது.

இவரை ஞாபகத்தில் வச்சுக்குங்க. கடைசியில் திரும்ப வருவார்.

டயாலிசிஸ் நாற்காலியில் யார்?

இப்போது கதை அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே கறுப்பின மக்கள் மொத்த ஜனத்தொகையில் சுமார் 13 சதவீதம். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் மூன்றில் ஒருவர் கறுப்பர். சிறுநீரகம் முழுசாகச் செயலிழப்பது வெள்ளையரைவிட அவர்களிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம். டயாலிசிஸ் பரவலான 1970-களுக்குப் பிறகு இது எல்லோர் கண்ணிலும் பட்டது.

காரணம் கேட்டால் ஒரே பதில்: ரத்த அழுத்தம். ஒரு கறுப்பின நோயாளி வருகிறார், சிறுநீரகம் கெட்டிருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. உடனே 'பிரஷரால் கெட்ட சிறுநீரகம்' என்று எழுதிவிடுவார்கள். பயாப்சி, அதாவது ஊசியால் ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பார்ப்பது, பெரும்பாலும் நடக்காது. சிறுநீரகம் கெட்டாலும் பிரஷர் ஏறும் என்பது மருத்துவ மாணவனுக்கும் தெரியும். கோழி முதலா முட்டை முதலா என்ற அந்தக் கேள்வியை இந்த நோயாளிகள் விஷயத்தில் மட்டும் அதிகம் பேர் கேட்கவில்லை.

சரி, பிரஷர் ஏன் அதிகம்? அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். அடிமைக் கப்பல்களில் தண்ணீர் இல்லாமல், வாந்தி பேதியில் பலர் செத்தார்கள். உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் தன்மை உள்ளவர்களே பிழைத்தார்கள். அவர்களுடைய சந்ததிக்கு அதனால்தான் உப்பும் பிரஷரும் என்பது வாதம். கேட்க நல்லா இருக்கு. அடிமை வணிக வரலாற்றில் பெரிய ஆளான பிலிப் கர்ட்டின் 1992-இல் ஆவணங்களை வைத்து இதை ஒவ்வொரு படியாக எடுத்துப் பார்த்தார். கதைக்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று எழுதினார். ஆனாலும் கதை சாகவில்லை. இப்போதும் எங்காவது யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிரஷர்தான் காரணம் என்றால் பிரஷரை நன்றாகக் குறைத்தால் சிறுநீரகம் பிழைக்கணும் இல்லையா? இதைச் சோதிக்க 1,094 கறுப்பின நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பல வருஷம் பின்தொடர்ந்து, நீண்டகால முடிவை 2010-இல் வெளியிட்டார்கள். பிரஷரைக் கடுமையாகக் குறைத்த குழுவிலும், சாதாரண அளவில் வைத்த குழுவிலும், மொத்தமாகப் பார்த்தால் சிறுநீரகம் ஒரே வேகத்தில்தான் கெட்டது. சிறுநீரில் புரதம் அதிகம் போனவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன். அப்படியானால் அடியில் வேறு ஏதோ நோய் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு ஏதோ இருக்கிறது என்பதற்கான துப்பு அதற்கு 26 வருஷம் முன்னாடியே கிடைத்திருந்தது. 1984-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் டி.கே. ஸ்ரீபாத ராவ் என்ற மருத்துவரும் சகாக்களும், எய்ட்ஸ் நோயாளிகளின் சிறுநீரகத்தில் ஒரு கடுமையான பாதிப்பைக் கண்டு எழுதினார்கள். சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் லட்சக்கணக்கான குட்டிக் குட்டி வடிகட்டிகள் உண்டு. அவை சுருங்கித் தழும்பாகிவிட்டன. சிறுநீரில் புரதம் கொட்டியது. சில மாதங்களில் சிறுநீரகம் முழுக்கப் போயிற்று. ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த மருத்துவர்கள் 'நாங்க அப்படி எதையும் பார்க்கலையே' என்றார்கள். ஹெராயின் ஊசிப் பழக்கத்தால் வருவதை எய்ட்ஸ் என்று குழப்பிக்கொள்கிறீர்களோ என்று சந்தேகமும் எழுந்தது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ நோயாளிகள் பெரும்பாலும் வெள்ளையர். புரூக்ளினில் பெரும்பாலும் கறுப்பர், அவர்களில் ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஒரே வைரஸ், இரண்டு வேறு சிறுநீரகங்கள்.

22-ஆவது குரோமோசோமில் ஒரு தெரு

2008-இல் இரண்டு குழுக்கள் மரபணு வரைபடத்தில் தேடிப்போய் 22-ஆவது குரோமோசோமில் ஒரு இடத்தில் நின்றன. அந்த இடத்தில் ஆப்பிரிக்க வம்சாவளி டி.என்.ஏ. இருப்பவர்களுக்குச் சிறுநீரக நோய் அதிகம். அங்கே இருந்த எம்.ஒய்.எச்.9 என்ற மரபணுதான் குற்றவாளி என்று அறிவித்தார்கள். சிறுநீரக வடிகட்டியின் செல்களில் அதற்கு வேலை இருந்ததால் பொருத்தமாகவும் பட்டது.

ஆனால் அந்த மரபணுவில் குறிப்பாக எந்த எழுத்துப் பிழை நோயைக் கொண்டுவருகிறது என்று எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. தெரு சரி, வீடு தப்பு. 2010-இல் பாஸ்டனில் மார்ட்டின் பொல்லாக்கின் குழுவும் இஸ்ரேலில் கார்ல் ஸ்கோரெக்கியின் குழுவும் தனித்தனியாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அங்கே இருந்தது அபோல்-1. லவரான் எலியில் பார்த்த அதே விஷம்.

இதில் இரண்டு மாற்று வடிவங்கள். ஜி1-இல் புரதச் சங்கிலியில் இரண்டு இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது. ஜி2-இல் இரண்டு எழுத்து விடுபட்டிருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் இப்படி அமைந்தால் சிறுநீரக ஆபத்து பல மடங்கு கூடுகிறது. அமெரிக்கக் கறுப்பர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இப்படி இரண்டு பிரதிகள் உண்டு.

இவ்வளவு கெடுதல் செய்யும் மரபணு ஏன் இவ்வளவு பேரிடம் தங்கியது? பாஸ்டன் குழுவோடு பெல்ஜியத்தின் பேஸும் சேர்ந்து சோதித்ததில் தெரிந்தது: சாதாரண அபோல்-1-ஐக் கட்டிப்போடுகிற ரொடீசியன்சி கிருமியை, மாறிய வடிவங்கள் உள்ள ரத்தம் கொன்றுவிடுகிறது. கிருமி பூட்டை மாற்றியது, மனித உடம்பு சாவியை மாற்றியது. 2017-இல் ஆப்பிரிக்க நோயாளிகளிடமே பார்த்த ஆய்வு கதையைக் கொஞ்சம் சிக்கலாக்கியது. உகாண்டாவில் ஜி2 உள்ளவர்களுக்கு ரொடீசியன்சி தொற்று குறைவு. மேற்கே கினியில் ஜி1 உள்ளவர்களுக்குக் காம்பியன்சி கிருமி உள்ளே புகுந்தாலும் நோய் முற்றாமல் அடங்கிக் கிடக்கிறது. ஆனால் அதே இடத்தில் ஜி2 இருந்தால் நோய் முற்றவே செய்கிறது. இயற்கை ஒரு கையால் கொடுப்பதை இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிறது.

இந்த மாதிரிக் கணக்கு நமக்குப் புதுசு இல்லை. அரிவாள் செல் ரத்தசோகையின் மரபணு ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பாற்றும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அதையும் ஒரு காலத்தில் 'கறுப்பர் நோய்' என்றே எழுதினார்கள். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல்லைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான், அது தோலைப் பார்த்து வருவதில்லை, மலேரியா இருந்த இடத்தைப் பார்த்து வருவது என்று உறைக்க ஆரம்பித்தது. அபோல்-1 விஷயத்திலும் அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

'ஆப்பிரிக்கர்' என்று ஒரு சிறுநீரகம் உண்டா?

நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் ஜி1 வடிவம் சுமார் 40 சதவீதக் குரோமோசோம்களில் இருக்கிறது. எத்தியோப்பியர்களிடம் ஜி1-உம் இல்லை, ஜி2-உம் இல்லை என்று சொல்லிவிடலாம். 2011-இல் ஸ்கோரெக்கி குழு இன்னொரு கட்டுரையில் இதைக் காட்டியது. எச்.ஐ.வி. உள்ள எத்தியோப்பியர்களிடம் அந்த புரூக்ளின் மாதிரிச் சிறுநீரக நோய் காணப்படாததற்கு இதுதான் விளக்கம் என்றது. இரண்டு பேரும் அமெரிக்க மருத்துவமனைக்குப் போனால் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள்: 'கறுப்பர்'.

தென்னாப்பிரிக்காவில் இது உயிர் போகும் விஷயமாக இருந்தது. எச்.ஐ.வி. மிக அதிகமாகப் பரவிய நாடு. ஜனாதிபதி தாபோ உம்பெக்கியோ எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்து பரவலாகக் கொடுக்க ஆரம்பிக்கவே 2004 ஆகிவிட்டது. எச்.ஐ.வி.யும் இருந்து, இரண்டு ஆபத்துப் பிரதியும் இருந்து, மருந்தும் கிடைக்காவிட்டால் சுமார் பாதிப் பேருக்கு இந்தச் சிறுநீரக நோய் வரக்கூடும் என்பது பிறகு வந்த கணக்கு. ஜோகன்னஸ்பர்க்கில் சரளாதேவி நாயக்கர் உள்ளிட்டோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி. சிறுநீரக நோய் வந்தவர்களில் 79 சதவீதம் பேரிடம் இரண்டு ஆபத்துப் பிரதிகள் இருந்தன. இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. எச்.ஐ.வி. மருந்தை நேரத்தில் ஆரம்பித்தால் இந்த நோய் அடங்கும், பலருக்குச் சிறுநீரகம் தேறும். மரபணுவை மாற்ற முடியாது. அதைத் தூண்டிவிடுவதை நிறுத்தலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஆப்பிரிக்காவில் சிறுநீரகம் கெட அபோல்-1 ஒன்றுதான் காரணம் என்று நினைச்சுடக் கூடாது. சர்க்கரை, பிரஷர், மஞ்சள்காமாலை வைரஸ், நத்தைக் காய்ச்சல் ஒட்டுண்ணி, வலி மாத்திரை, நாட்டு மருந்து என்று பட்டியல் நீளம். 1960-களில் இபாடான் நகரத்தில் கில்ஸ், ஹெண்ட்ரிக்ஸ் என்ற மருத்துவர்கள் நைஜீரியக் குழந்தைகளின் உடல் வீக்கத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் ஆராய்ந்து, அதை ஒரு வகை மலேரியாவோடு தொடர்புபடுத்தினார்கள். நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் காரணம் மாறும். 'ஆப்பிரிக்கச் சிறுநீரகம்' என்று ஒன்று கிடையாது.

ஒரு பெருக்கல் கணக்கு

இதற்கு நடுவில் மருத்துவம் தோலின் நிறத்தை ஒரு எண்ணாகவே மாற்றி வைத்திருந்தது. இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று நேரடியாக அளப்பது சிரமம். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்து, வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுவார்கள். நம்ம ஊர் லேப் ரிப்போர்ட்டிலும் கிரியாட்டினினுக்குக் கீழே 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' என்று ஒரு எண் இருக்குமே, அதுதான். 1999-இல் அமெரிக்காவில் 1,628 நோயாளிகளை வைத்து உருவாக்கிய சூத்திரத்தில் ஒரு வரி சேர்ந்தது: நோயாளி கறுப்பர் என்றால் விடையைச் சுமார் 1.2-ஆல் பெருக்கு. கறுப்பர்களுக்குத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினின் இயல்பாகவே அதிகம் என்பது சொல்லப்பட்ட நியாயம். 2009-இல் வந்த அடுத்த சூத்திரத்தில் அது சுமார் 1.16 ஆனது.

இதன் பலன் என்ன? அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பில் நாள் எண்ண ஆரம்பிக்க அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒரே வயது, ஒரே கிரியாட்டினின் உள்ள இரண்டு பேர். வெள்ளையருக்கு 18 என்று வரும், பட்டியலில் பெயர் ஏறும். கறுப்பருக்கு அதையே பெருக்கி 21 என்று வரும், 'இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கே, அப்புறம் வாங்க'. சீக்கிரம் சிறுநீரகம் கெடும் சமூகத்துக்குச் சிகிச்சை தாமதமாகும்படி ஒரு கணக்கு. தாய் கறுப்பர், தந்தை வெள்ளையர் என்றால் எதால் பெருக்குவது என்று அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது.

கறுப்பின மருத்துவ மாணவர்களும் மருத்துவர்களும் கேள்வி கேட்டுக் கேட்டு, 2021-இல் இனம் என்ற வரி இல்லாத புதுச் சூத்திரம் வந்தது. 2023-இல் ஏற்கெனவே காத்திருந்த கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திரும்பக் கணக்கிடச் சொன்னார்கள். 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இழந்த காலம் திரும்பச் சேர்க்கப்பட்டது. சராசரியாக இரண்டு வருஷம். அதற்குள் செத்துப்போனவர்களுக்கு எதைச் சேர்ப்பது?

அமெரிக்கத் தசைக் கணக்கை ஆப்பிரிக்காவில் போட்டுப் பார்த்தால் இன்னும் மோசம். மலாவி, உகாண்டா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் சிறுநீரக வேலையை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. கிரியாட்டினினை நம்பிய சூத்திரங்கள் அங்கே சிறுநீரகத்தை இருப்பதைவிட நல்ல நிலையில் காட்டின. நோய் இருந்தும் இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்று அர்த்தம். மெலிந்த உடம்பில் தசை குறைவு, கிரியாட்டினினும் குறைவு. அதை மேலும் 1.2-ஆல் பெருக்கினால் என்ன ஆகும் என்று யோசிச்சுக்குங்க.

விவசாயி திரும்ப வருகிறார்

அபோல்-1 கதையின் பெரும்பகுதி அமெரிக்காவில் எழுதப்பட்டது. மரபணு பிறந்த மண்ணில் பெரிய ஆய்வு நடக்க ரொம்ப நாள் ஆனது. 2024-இல் கானா, நைஜீரிய ஆய்வாளர்கள் முன்நின்று 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த முடிவு வந்தது. அதில் ஏறத்தாழ 30 சதவீதம் பேரிடம் இரண்டு ஆபத்துப் பிரதிகள். முக்கியமாக, ஒரே ஒரு பிரதி இருந்தாலும் ஆபத்து ஓரளவு கூடுகிறது என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது. 'ஒன்று இருந்தால் பயமில்லை' என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

அதே சமயம், இரண்டு பிரதி உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆவதில்லை என்பதையும் சொல்லணும். நோய் வெடிக்க இன்னொரு அடி வேண்டும். எச்.ஐ.வி. ஒரு அடி. கோவிட் காலத்தில் கோவிட்டும் அப்படி அடித்ததைப் பார்த்தார்கள். தொற்று வரும்போது உடம்பு இன்டர்ஃபெரான் சுரக்கும். அது அபோல்-1 உற்பத்தியை ஏற்றிவிடும். கிருமியின் சவ்வில் ஓட்டை போடவேண்டியது சிறுநீரக வடிகட்டியின் சொந்த செல்லிலேயே ஓட்டை போடும்.

அப்படியானால் இந்தப் புரதத்தை மருந்தால் அடக்கிவிட்டால்? சிறுநீரகத்துக்கு அது தேவைப்படும் என்றால் வேறு வம்பாகிவிடுமே? இங்கேதான் சந்திரபூர் விவசாயி திரும்ப வருகிறார். அவருடைய ஊரில் பின்னர் நடந்த ஆய்வை 2012-இல் வெளியிட்டார்கள். அபோல்-1 சுத்தமாக இல்லாமலே வாழ்ந்த அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. புரதம் இல்லாமல் போவதால் கெடுதல் இல்லை, மாறிப்போன புரதம் இருப்பதால்தான் கெடுதல் என்பதற்கு அவர் உயிருள்ள சாட்சி. அந்தத் தைரியத்தில் அபோல்-1 போடும் ஓட்டையை அடைக்கும் மருந்தைத் தேடலாம். 2023-இல் இனாக்சப்ளின் என்ற மாத்திரையைச் சிறிய அளவில் சோதித்தார்கள். 13 வாரத்தில் சிறுநீரில் போகும் புரதம் சராசரியாகப் பாதியளவுக்குக் குறைந்தது. சிறுநீரகத்தையே அது காப்பாற்றுமா என்பதைப் பெரிய சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை? கைவசம் இருப்பவை எளிய விஷயங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது. போனால் அதைக் குறைக்கும் பழைய பிரஷர் மாத்திரைகள், சர்க்கரைக்கு வந்து இப்போது சிறுநீரகத்துக்கும் கொடுக்கப்படும் புது மாத்திரைகள். எச்.ஐ.வி. இருந்தால் தாமதிக்காமல் மருந்து. அண்ணனுக்குத் தம்பி சிறுநீரகம் தர முன்வந்தால், தருவதற்கு முன் தம்பியின் அபோல்-1-ஐயும் பார்ப்பது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் டயாலிசிஸ் சொந்தக் காசில்தான். நிலத்தை விற்று, ஆட்டை விற்றுச் சில வாரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுகிற குடும்பங்கள்தான் அங்கே அதிகம். அங்கே ஒரு சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை பிடிக்கும் நோய், அமெரிக்காவில் ஒரு டயாலிசிஸ் எந்திரம் காப்பாற்றும் உயிரைவிட அதிகம்.

இந்த வரலாற்றைப் படித்து முடித்ததும் மனசில் நின்றது ஒன்றுதான். 'கறுப்பர்' என்று படிவத்தில் எழுதியதும் பல மருத்துவர்கள் காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்து நிறுத்திக்கொண்டார்கள். மேலே தேடியவர்களுக்கு ஒரு எலி, ஒரு ஈ, ஒரு மாடு மேய்க்கிற மனுஷனின் ரத்தம் என்று வழி விரிந்துகொண்டே போனது. மருந்து வெற்றி பெற்று விலையோடு கடைக்கு வரும்போது, அது இபாடானுக்கும் குமாசிக்கும் எந்த வருஷம் போய்ச் சேரும் என்பதுதான் அடுத்து பார்க்க வேண்டியது. எச்.ஐ.வி. மருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த கணக்கு நமக்குத் தெரியும். அதே கணக்கு இன்னொரு தடவை வேண்டாம்.